மூன்று டிஷ்யூ பொட்டலமும் ஒரு கோச்சும்

ஜனவரி 4, 2026. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. லீட்ஸில் அப்போது பகல் பன்னிரண்டரை, அங்கே எங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டின் காற்பந்தாட்டம். இங்கே சிங்கப்பூரில், தேக்கா பக்கம் நாங்கள் வழக்கமாக உட்காரும் கோப்பிக்கடையில் தொலைக்காட்சிக்கு நேரெதிர் மேசையை விட்டுவிடக் கூடாதென்று ஆளுக்கொரு டிஷ்யூ பொட்டலத்தைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தோம். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பொட்டலங்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. எங்கள் மேசைக்கு மூத்தவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மாமா, மூன்றையும் இழுத்து வரிசையாக வைத்தார். "இதான் உங்க கோச்சோட பின்வரிசை." அதற்கு முன்னால் இரண்டு தே கோப்பை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கரண்டி. அதற்கும் மேலே மிளகாய்த் தட்டு இரண்டு, உச்சியில் மிளகுப்பொடி புட்டி ஒன்று. கோல்காப்பாளராக என் கைப்பேசி.

"நடுவுல பாரு, ரெண்டே கோப்பை. எதிராளி மூணு வச்சு ஆடுறான். ரெண்டு பேரு மூணு பேரைப் பிடிக்க முடியுமா? இதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும் லா?"

பக்கத்தில் இருந்த தம்பி விடவில்லை. "மாமா, இதே ரெண்டு கோப்பையோடதான் அக்டோபர்ல ஆன்ஃபீல்டுக்குப் போய் லிவர்பூலை அடிச்சோம். அன்னிக்கு ஏன் இந்தக் கணக்கு வரல?"

மாமா பதில் சொல்லவில்லை. தேயை எடுத்து ஒரு மிடறு குடித்தார். நடுத்திடலில் ஓர் ஆள் குறைந்தது.

ஆட்டம் 1-1 என்று முடிந்தது. மறுநாள் மாலை வேலை முடிந்து ரயிலில் வரும்போது செய்தி வந்துவிட்டது: மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து ரூபன் அமோரிம் நீக்கம். 2024 நவம்பரில் வந்தவர், பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தார்.

அந்தப் பதினான்கு மாதமும் எங்கள் மேசையில் நடந்த வாக்குவாதத்தை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கோச்சைப் பற்றிச் சண்டை போடும்போது ரசிகர்கள் மூன்று சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறோம். எப்படி ஆட வைக்கிறார், யாரை இறக்குகிறார், வாயைத் திறந்து என்ன சொல்கிறார். முதலாவதில் நம் கண்ணுக்குப் படுவது கொஞ்சம்தான். இரண்டாவதில் பாதி தெரியும். மூன்றாவது மட்டும்தான் முழுசாகக் கைக்கு வந்து சேர்கிறது. தீர்ப்பும் பெரும்பாலும் அந்த மூன்றாவதை வைத்தே வருகிறது என்பது என் கட்சி. இருபத்தைந்து வருடமாக யுனைடெட்டைப் பார்த்து வயிறெரிந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன், வேறு தகுதி கிடையாது.

அமோரிமின் 3-4-3 ஆட்ட அமைப்பைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் அதைத்தான் எல்லாரும் திட்டினோம், அதைத்தான் குறைவாகப் புரிந்துகொண்டோம்.

பின்னால் மூன்று மையத் தற்காப்பாளர்கள். இரண்டு பக்கமும் கோட்டை ஒட்டி ஓடுகிறவர் ஒவ்வொருவர். பந்து நம்மிடம் இருந்தால் இவர்கள் ஏறிப்போய்த் தாக்குவார்கள், பறிபோனால் இறங்கிவந்து தடுப்பார்கள். நடுவில் இருவர். முன்னால் ஒரு முனைத் தாக்குதல்காரர், அவருக்குச் சற்றுப் பின்னே உள்பக்கமாக இருவர். பந்தைப் பின்னாலிருந்து கட்டியெடுத்து வரும்போது மூன்று பேர் இருப்பதால், எதிரணியின் இரண்டு பேர் பாய்ந்து வந்து நெருக்கினாலும் ஒருவர் காலியாக நிற்பார். ஓரத்து ஆட்டக்காரர்கள் மேலே ஏறிவிட்டால் எதிரணித் தற்காப்பின் முன் ஐந்து பேர் விரிந்து நிற்பார்கள். கிறுக்குத்தனமான யோசனை ஒன்றுமில்லை. இதே அமைப்பை வைத்துத்தான் 2020-21 பருவத்தில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 19 ஆண்டுக்குப் பிறகு போர்ச்சுகல் லீக்கை வாங்கிக் கொடுத்தார் அமோரிம். 2023-24இல் இன்னொரு முறை. மான்செஸ்டருக்கு வண்டியேறுவதற்குச் சில நாள் முன்புதான் அவருடைய ஸ்போர்ட்டிங், மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று வெளுத்தது. அந்த வாரம் எங்கள் மேசையில் அவரை விட்டால் உலகத்தில் கோச்சே இல்லை.

பிரிமியர் லீக்கில் கோளாறு எங்கே வந்தது? மாமாவின் கோப்பைக் கணக்கு பாதி உண்மை. நடுவில் மூன்று பேர் வைத்து ஆடும் அணிகள் அங்கே அதிகம். இருவர் மூவரைச் சமாளிக்க வேண்டுமென்றால், ஒன்று முன்னாலிருந்து ஒருவர் இறங்க வேண்டும், இல்லை பின்வரிசை மூவரில் ஒருவர் துணிந்து ஏற வேண்டும். யார், எப்போது என்பதில் ஒரு நொடி பிசகினாலும் நடுத்திடல் திறந்துவிடும். நடுத்திடலின் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில் பெரும்பாலும் நின்றவர் புருனோ ஃபெர்னாண்டஸ். கோலுக்கு அருகில் நின்று பந்தை நறுக்கென்று தள்ளிவிடும் ஆள் அவர். இன்னொருவர் கசெமிரோ, ஓட்டத்தில் பழைய வேகம் இல்லாதவர். 2025 கோடையில் குன்யா, ம்பெயுமோ, செஸ்கோ என்று முன்வரிசைக்கு மூன்று பேரைக் கொண்டுவந்த கழகம், நடுத்திடலுக்கு ஒருவரைக்கூட வாங்கவில்லை. அமைப்பு தவறா, அதில் போட ஆள் இல்லையா என்ற கேள்வி அங்கேயே கலங்கிவிட்டது.

இன்னொன்று. '3-4-3' என்பது ஆட்டம் தொடங்கும்போது திரையில் காட்டும் படம், அவ்வளவுதான். பந்து யுனைடெட்டிடம் இருக்கையில் அது 3-2-5 போல விரியும், பந்து போனால் 5-4-1 போலச் சுருங்கும். நாம் எண்ணிக்கொண்டிருந்த மூன்று பேர், ஆட்டத்தின் பாதி நேரம் ஐந்து பேர்.

இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்க்க முடிகிறதா என்றால், முடிவதில்லை. கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது. வலது ஓரத்தில் பந்து பறிபோகும் அந்த நொடியில் இடது ஓரத்து ஆட்டக்காரர் எங்கே நின்றார் என்பது படத்திலேயே கிடையாது. நமக்குக் காட்டப்படுவது காலி இடமும், அதில் புகுந்து எதிரணி போடும் கோலும். அந்த இடம் ஏன் காலியானது என்பது படத்துக்கு வெளியே நடந்து முடிந்திருக்கும். ஜாலான் புசார் விளையாட்டரங்கில் மேல் படியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அங்கே 22 பேரும் ஒரே பார்வையில் அடங்குவார்கள். பின்வரிசை ஏறுவதும் இறங்குவதும் அலை மாதிரி தெரியும். வீட்டுச் சோபாவில் அந்த அலை தெரியாது, நுரைதான் தெரியும்.

எண்ணைப் பிடித்துத் தொங்குவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. 2015 ஜனவரியில் அப்போதைய யுனைடெட் மேனேஜர் லூயி வான் கால் மூன்று தற்காப்பாளர்களோடு ஆட வைத்தபோது, குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் திடலுக்கு வந்திருந்த யுனைடெட் ரசிகர்கள் 'ஃபோர்-ஃபோர்-டூ' என்று கூட்டமாகக் கத்தினார்கள். யுனைடெட்டை நெடுங்காலம் நடத்திய ஃபெர்குசன் காலத்திலிருந்து நான்கு பேர் பின்வரிசைதான் யுனைடெட்டின் குலவழக்கம் என்று நினைக்கிற கூட்டம் அது. அதே கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான் தேக்காவிலும் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 19 அன்று ஆன்ஃபீல்டில் 2-1 என்று ஜெயித்தது இதே அமைப்புதான். 2016க்குப் பிறகு அங்கே கிடைத்த முதல் வெற்றி. அந்த மாதத்தின் சிறந்த நிர்வாகி விருதும் அமோரிமுக்குக் கிடைத்தது. அந்த வாரம் எங்கள் மேசையில் டிஷ்யூ பொட்டலங்கள் டிஷ்யூ பொட்டலங்களாகவே இருந்தன. ஐந்து வாரம் கழித்து எவர்ட்டனோடு ஆட்டம், நமக்குச் செவ்வாய் விடியற்காலை நான்கு மணி. பதின்மூன்றாவது நிமிடத்தில் எவர்ட்டனின் கெய் தன் அணிக்காரரையே கன்னத்தில் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேருக்கு எதிராக, சொந்தத் திடலில், முக்கால்வாசி ஆட்டத்துக்கு மேல். யுனைடெட் 0-1 என்று தோற்றது. தூக்கமும் போய், ஆட்டமும் போய், வேலைக்குப் போன அந்தக் காலையில் 'எதிரே முன்னால் ஒருத்தன்தான் நிற்கிறான், அவனைப் பிடிக்க மூணு பேரா?' என்ற குறுஞ்செய்தி எங்கள் குழுவில் எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று எண்ணவில்லை. நியாயமான கேள்வி. ஆன்ஃபீல்டு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வியும்கூட.

ஆள் தேர்வுக்கு வருகிறேன். இங்கே ரசிகனுக்குக் கொஞ்சம் பிடி உண்டு. யார் இறங்கினார், யார் பெஞ்சில் உட்கார்ந்தார் என்ற பட்டியல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே கைப்பேசிக்கு வந்துவிடும். ஏன் என்பதுதான் வராது. பயிற்சித் திடலின் கதவு பூட்டியிருக்கிறது.

கோபி மைனூ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கழகத்தின் இளையர் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பையன். 1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை, தன் பயிற்சிக்கூடத்துப் பிள்ளை ஒருவராவது ஆட்டநாள் அணியில் இல்லாமல் யுனைடெட் ஓர் ஆட்டத்துக்கும் போனதில்லை. அந்தப் பெருமை தெரிந்தால்தான் மைனூவை உட்கார வைத்தது ஏன் ரசிகர்களுக்கு அவ்வளவு வலித்தது என்று புரியும். மைனூ புருனோவுடன் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறார் என்று 2025 ஆகஸ்டிலேயே அமோரிம் சொல்லிவிட்டார். நடுவில் இருப்பதே இரண்டு நாற்காலி. ஒன்றில் தலைவர் புருனோ உட்கார்ந்துவிட்டால் மீதி ஒன்று. நாங்கள் 'பையன் மேல் என்ன கோபம்' என்று துருவிக்கொண்டிருந்தோம். அவர் போட்ட வடிவமே பையனுக்கு இடம் வைக்கவில்லை. டிசம்பரில் போர்ன்மத்துடன் 4-4 என்று முடிந்த ஆட்டத்துக்கு மைனூவின் சகோதரர் 'கோபி மைனூவை விடுவியுங்கள்' என்று எழுதிய சட்டையோடு வந்தார். அந்தப் படம் வந்த இரவு எட்டுக் கோல் ஆட்டத்தைப் பற்றி எங்கள் குழுவில் பேச்சே இல்லை.

நான் சிரிக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பல வருடம் முன்பு எங்கள் வட்டாரத்தில் ஒரு போட்டிக்கு ஏழு பேர் அணியைப் பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நல்ல கால் உள்ள ஒருவனை உட்கார வைத்தேன். அவன் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தான், கண் சிவந்திருந்தது, பயிற்சியில் இரண்டு முறை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இதை எல்லார் முன்னாலும் சொன்னால் அவனுக்கு மானக்கேடு என்று வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் தோற்றோம். எனக்கும் அவனுக்கும் ஆகாது, அதனால்தான் உட்கார வைத்தேன் என்று புளோக் முழுக்கப் பேச்சு. அவன் அண்ணன் ஆறு மாதம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் கதவைப் பார்த்து நின்றார். காரணத்தைச் சொல்லாவிட்டால் ஊர் ஒரு காரணத்தைத் தயார் செய்துவிடும்.

சொன்னாலும் வம்புதான். அமோரிம் சொன்னார். 2025 ஜனவரியில் மார்கஸ் ரேஷ்ஃபர்டை ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டதற்கு, தினமும் முழு முயற்சி போடாத ஆளைவிட என் கோல்காப்புப் பயிற்றுநரையே பெஞ்சில் உட்கார வைப்பேன் என்றார். அந்தப் பயிற்றுநருக்கு வயது 63. மேசையில் பலத்த கைதட்டு. 'இப்படி ஒருத்தன் வேணும்யா, பெரிய சம்பளக்காரனுக்குப் பயப்படாத ஆள்.' பிறகு ரேஷ்ஃபர்ட் கடன் முறையில் ஆஸ்டன் வில்லாவுக்கும், அங்கிருந்து பார்சிலோனாவுக்கும் போய் நன்றாக ஆட ஆரம்பித்ததும், அதே வாக்கியம் கோச்சுக்கு எதிரான சாட்சியாக மாறியது. சொல் ஒன்றே, தீர்ப்பு இரண்டு.

மூன்றாவது சங்கதிக்கு, அதாவது வாய்க்கு, இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

செய்தியாளர் சந்திப்பு பெரும்பாலும் அங்கே வெள்ளிக்கிழமை மதியம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் எட்டு மணி நேரம் வித்தியாசம், கோடையில் ஏழு. ஆக இங்கே வாரம் முடிந்து காலை நீட்டி உட்காரும் இரவு நேரத்துக்குச் சரியாக அந்தப் பேச்சு வந்து விழும். ஆட்டத்தைப் பார்க்கக் கட்டணம், தூக்கம் எல்லாம் செலவாகும். பேச்சுக்கு ஒன்றும் ஆகாது. அரை மணி நேரச் சந்திப்பிலிருந்து பத்துச் சொல்லை வெட்டி யாரோ அனுப்புவார்கள். போர்த்துக்கீசிய மொழியில் யோசிக்கும் மனிதர் ஆங்கிலத்தில் சொன்னதை, நம்மில் ஒருவர் தமிழில் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்து மேசையில் வைப்பார். அவ்வளவு தூரம் பயணப்பட்ட பிறகும் அதை 'கோச் சொன்னாரு' என்றுதான் சொல்கிறோம்.

அமோரிமின் வாயும் சாதாரண வாய் இல்லை. 2025 ஜனவரியில் பிரைட்டனிடம் 1-3 என்று தோற்றதும், நாங்கள்தான் ஒருவேளை யுனைடெட் வரலாற்றிலேயே மோசமான அணி என்றார். அந்தப் பருவம் 42 புள்ளியோடு 15வது இடத்தில் முடிந்தது. 1973-74இல் கீழ்நிலைக்கு இறங்கியதற்குப் பிறகு அவ்வளவு கீழே கழகம் போனதில்லை. அதனால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 முதல் 2013 வரை உருவாக்கி வைத்த பழக்கம் வேறு. ஆட்டக்காரரை உள்ளே வைத்துக் காது கிழியத் திட்டுவார். கதவுக்கு வெளியே வந்தால் நடுவரையும் கடிகாரத்தையும்தான் குறை சொல்வார். அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் திறந்த வீடு முதலில் காற்றோட்டமாக இருந்தது. தோல்வி தொடர்ந்ததும் கூரையே இல்லை என்று தெரிந்தது.

2025 செப்டம்பரில், அமைப்பை மாற்றுவீர்களா என்று கேட்டதற்கு, போப்பாண்டவர் வந்து சொன்னாலும் மாற்ற மாட்டேன் என்ற பொருளில் ஒரு பதில். இந்த ஒரு வரி அவரைக் கட்டிப்போட்டது என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு மாற்றினால் பணிந்துவிட்டார், மாற்றாவிட்டால் முரடர். டிசம்பர் 26 அன்று நியூகாசிலுக்கு எதிராக நான்கு பேர் பின்வரிசையோடு இறக்கினார், 1-0 வெற்றி. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவரே விளக்கினார்: அமைப்பை மாற்று, மாற்று என்று வெளியே எல்லாரும் பேசிக்கொண்டிருக்கையில் மாற்றினால், வெளியாருக்குப் பயந்து மாற்றுகிறார் என்று ஆட்டக்காரர்கள் நினைப்பார்கள், அத்தோடு கோச்சின் கதை முடிந்தது. அந்தப் பேச்சை நான் இரண்டு முறை கேட்டேன். திடலில் என்ன செய்வது என்பதை, திடலைப் பற்றிய பேச்சு தீர்மானிக்கிறது என்று ஒரு கோச்சே ஒப்புக்கொண்ட இடம் அது. நான்கு நாள் கழித்து உல்வ்ஸ் ஆட்டத்தில் மறுபடி மூன்று பேர். 1-1. சொந்த அரங்கிலேயே கூச்சல்.

கடைசி அடியும் வாயால் வந்ததுதான். லீட்ஸ் ஆட்டம் முடிந்ததும், நான் இங்கே வந்தது மேனேஜராக இருக்க, வெறும் கோச்சாக இருக்க அல்ல என்றார். கழகத்தின் மற்ற பிரிவுகள் அவரவர் வேலையைப் பார்க்கட்டும் என்றார். தமிழில் இதைக் கேட்டால் என்ன சண்டை என்றே புரியாது. நம் செய்திகளில் ஒரு நாள் 'நிர்வாகி', மறுநாள் 'பயிற்றுவிப்பாளர்'; மேசையில் எப்போதும் 'கோச்'. அங்கே அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு பதவியே தொங்குகிறது. ஃபெர்குசன் மேனேஜர்: யாரை வாங்குவது, யாரை விற்பது, எப்படி ஆடுவது, எல்லாம் அவர் கையில். அமோரிமுக்குக் கழகம் கொடுத்த பெயர் தலைமைப் பயிற்றுவிப்பாளர். யுனைடெட்டில் அந்தப் பெயரோடு வந்த முதல் ஆள் அவர். ஆள் வாங்குவதற்குக் காற்பந்து இயக்குநர் என்று மேலே ஒருவர். நடுத்திடலுக்கு ஏன் ஆள் வாங்கவில்லை என்று நாங்கள் மாதக்கணக்கில் அவரைத் திட்டியது, கடை முதலாளியை விட்டுவிட்டுப் பரோட்டா போடுகிறவரிடம் வாடகை ஏன் ஏறியது என்று கேட்ட மாதிரி.

இதே மேசையில் சிங்கப்பூர் அணியைப் பற்றியும் பேசுவோம், கொஞ்சம் குறைவாக. அந்தப் பேச்சின் ருசியே வேறு.

மாமாவுக்கு அங்கே ஓர் ஆறாத காயம் உண்டு: வி. சுந்தரமூர்த்தி. பந்து காலில் ஒட்டிக்கொண்டு வரும். 1993இல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் எழும்பி அவர் அடித்த கோலை, காலாங் அரங்கில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் தாங்கள் இருந்ததாகவே சொல்வார்கள். அடுத்த வருடம், 1994இல், டக்ளஸ் மூர் பயிற்றுவித்த சிங்கப்பூர் மலேசிய லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. இறுதியாட்டத்தில் பாஹாங்கை 4-0. அந்த அணியில் சுந்தரம் இல்லை. 'நம்ம பையனை விட்டுட்டான்' என்ற மாமாவின் குரலில் முப்பது வருடம் ஆகியும் ஈரம் காயவில்லை. ஆனால் நான்கு கோல் வெற்றியோடு எப்படி வாதாடுவது?

அதே சுந்தரம் 2016இல் தேசிய அணிக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தார். திடலின் மாயக்காரர் கோச்சானால் அணியும் மாயம் காட்டும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் அணி பின்னால் அடைத்துக்கொண்டு நின்றது. அந்த ஆண்டு தென்கிழக்காசிய வெற்றியாளர் போட்டியில் மூன்று ஆட்டம், ஒரே ஒரு கோல், முதல் சுற்றோடு வீடு. 2018இல் விலகினார். அவருக்கு முன்பு ராடோய்கோ அவ்ரமோவிச் 2004, 2007, 2012 என மூன்று முறை இதே கிண்ணத்தை வாங்கித் தந்தபோதும் அடைத்து நின்று எதிர்த்தாக்குதல் அடிக்கும் ஆட்டம் நிறைய இருந்தது. அதற்கு 'கட்டுப்பாடு' என்று பெயர் வைத்தோம். சுந்தரத்தின் ஆட்டத்துக்கு 'பயம்' என்று. இடையில் ஆட்டக்காரர்களின் தரம் இறங்கியதைப் பற்றி யாரும் டிஷ்யூ பொட்டலம் வைத்து விளக்கவில்லை.

நான் சொல்லும் வித்தியாசம் 2025 அக்டோபர் 9 அன்று எனக்கு உறைத்தது. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று, தேசிய விளையாட்டரங்கம், சிங்கப்பூர் எதிர் இந்தியா. எனக்கு முன் வரிசையில் நீலச் சட்டைக்காரர்கள் சிலர், எங்களுடையது சிவப்பு. 'அவன விடாதடா, புடி புடி' என்று இரண்டு பக்கமும் ஒரே தமிழில்தான் கத்தினோம். முற்பாதி முடியும் நேரத்தில் இக்சான் ஃபாண்டி கோல் போட்டார். இடைவேளை முடிந்த கையோடு இந்தியா பத்துப் பேரானது. இரண்டாவது கோல் வரவில்லை. தொண்ணூறாவது நிமிடத்தில் பின்னோக்கித் தட்டிய ஒரு பந்து பிசகியது, ரஹீம் அலி சமன் செய்தார். முன்வரிசை நீலச் சட்டைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, ஏதோ அவர் தப்பு மாதிரி, "சாரிண்ணே" என்றார்.

திரும்பும் ரயிலில் ஸ்டேடியம் நிலையத்திலிருந்து பேச்சு ஓயவில்லை. பத்துப் பேரை எப்படி விரித்திருக்க வேண்டும், மாற்று ஆட்டக்காரரை எப்போது இறக்கியிருக்க வேண்டும், களைத்தவர் யார், கடைசிப் பத்து நிமிடம் பின்வரிசை ஏன் இறங்கி இறங்கிப் போனது. நிற்க இடமில்லாத பெட்டியில் ஒருவர் கைப்பிடிகளைக் காட்டியே ஆட்டத்தை விளக்கினார். கோச் கேவின் லீ என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போது 35 வயது, இடைக்காலப் பொறுப்பு, அவர் பேச்சை வெட்டி அனுப்ப யாரும் காத்திருக்கவில்லை. சொல் கைவசம் இல்லாதபோது நாங்கள் கண்ணால் பார்த்ததைப் பேசினோம். நான் கேட்ட கோச் விவாதங்களிலேயே அதுதான் உருப்படியானது.

ஐந்து நாள் கழித்துக் கோவாவில் சொங் உய்யோங் இரண்டு கோல் போட, சிங்கப்பூர் 2-1. நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் கை தாக் அரங்கில், பின்தங்கியிருந்து ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் போட்ட கோல்களால் மறுபடி 2-1. ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிச் சுற்றில் வென்று சிங்கப்பூர் போவது இதுவே முதல் முறை. 1984இல் போனது நாம் ஏற்று நடத்தியதால்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைப்பதற்கில்லை. சிங்கப்பூர் தோற்கும்போது கோச்சின் சொல் கையில் இல்லாததால், பேச்சு கோச்சைத் தாண்டி எங்கெங்கோ ஓடிவிடும். பள்ளி, துணைப்பாட வகுப்பு, பதினெட்டு வயதில் வரும் தேசிய சேவை, காற்பந்துச் சங்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு வலது ஓரத்தில் ஏன் ஆள் இல்லை என்ற சின்னக் கேள்வி அதற்குள் தொலைந்துவிடும்.

ஜனவரி 17. சனிக்கிழமை, மறுபடி இரவு எட்டரை, மறுபடி அதே மேசை. இடைக்காலமாக மைக்கேல் கேரிக் வந்து முதல் ஆட்டம், அதுவும் மான்செஸ்டர் சிட்டியோடு. பட்டியல் வந்ததும் தம்பி உரக்கப் படித்தான். பின்னால் நான்கு பேர். நடுவில் கசெமிரோவும் மைனூவும். புருனோ முன்னே, அவருடைய பழைய இடத்துக்கு.

மாமா டிஷ்யூ பொட்டலங்களை அடுக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்திவிட்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"கேரிக் என்ன சொன்னாரு, செய்தியாளருங்க கிட்ட?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் சொல்லலண்ணே."

மேசை மேசையாக டிஷ்யூ விற்றுக்கொண்டு வந்த பாட்டியை மாமா கைதட்டிக் கூப்பிட்டார். பையைத் துழாவி இரண்டு வெள்ளியை எடுத்தார். "ஒண்ணு போதும்மா, ஒரு பின்வரிசைக்காரன் குறையுறான்." பாட்டிக்குத் தமிழ் தெரியாது. மூன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். மீதி இரண்டையும் மாமா சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், மாற்று ஆட்டக்காரர்களாம். ம்பெயுமோ ஒன்று, டோர்கு ஒன்று, ஆட்டம் 2-0.